மார்ச் ஒன்பது முதல் இருபது வரை

கோயம்புத்தூர்
11 ஜனவரி 2024

மதினி,

வெட்ட வேண்டாம் என்றுதான் சொல்கிறேன். நான்கு செடியிலும். ஓர் இலையின் நுனியைக்கூட.

நேற்று ஃபோனில் கேட்டீர்கள். பஸ் சத்தத்தில் சரியாகப் பதில் சொல்லவில்லை. மாட்டுப்பொங்கலுக்கு முன்னால் வரப்புக் கத்தாழையின் முள்நுனிகளை ஊரில் எல்லோரும் அரிவாளால் தட்டிவிடுவது எனக்கும் நினைவிருக்கிறது. குளிப்பாட்டிய மாடு வாய்க்காலிலிருந்து திரும்பும்போது குத்திக்கொள்ளக் கூடாது. சரி. அது கத்தாழை. தடித்த இலை, தாங்கும். யூக்காவுக்கும் அதே போல முள்நுனிதான், ஆனால் இலை மெல்லியது. கொரோனா லீவில் நாம் இருவரும் நட்டது. இது நான்காவது வருடம். இந்தக் கோடையில் பூக்கலாம். பூக்கிற வருடத்தில் இலையைக் காயப்படுத்தினால் தண்டு வராமல் போகலாம். நான் படித்த வரைக்கும்.

மருந்து அடிப்பதில்லை, சருகு கூட்டுவதில்லை என்று தேனீக்களுக்காக முன்பே முடிவு செய்தோம். வெட்டுவதில்லை என்பதையும் சேர்த்துக்கொள்ளுங்கள்.

நோட்டு நடக்கிறதா? காலை ஏழு மணி, பத்து நிமிடம், எந்தப் பூவில் எது வந்து உட்கார்ந்தது. வேறெதுவும் வேண்டாம். என் ஆய்வேட்டின் பாதி உங்கள் நோட்டில் இருக்கிறது. தாள்கள் எப்படியும் தபாலில்தான் வர வேண்டும். கூடவே நாலு வரி எழுதுங்கள். உங்கள் பட்டன் ஃபோனில் நாம் “சாப்பிட்டாச்சா”வைத் தாண்டிப் போவதில்லை.

மார்கழிப் பனியில் உங்களுக்கு இருமல் வருமே. வந்ததா? நான் ஹாஸ்டல் சாம்பாரிலும் நன்றாகவே இருக்கிறேன்.

அனுசுயா


சுருளிப்பட்டி
22.1.2024

அன்புள்ள அனுவுக்கு முனீஸ்வரி எழுதுறது. இருமல் வந்துச்சு. ரெண்டு நாள் மிளகு ரசத்தைச் சுடச்சுடக் குடிச்சேன், ஓடிருச்சு. நீ அங்கன சோறு திங்கிறியா, இல்ல டீயும் பன்னுமா? போன தடவை வந்தப்ப கழுத்தெலும்பு தெரிஞ்சுச்சு.

நீ சொன்னபடி வெட்டலை. வரப்புக் கத்தாழை பூராத்தையும் தட்டிவிட்டுட்டு, உன் செடிகிட்ட வந்ததும் அரிவாளைக் கீழ போட்டுட்டேன். பக்கத்துத் திராட்சைப் பந்தல்ல நின்னு ஒச்சாண்டி மாமா பாத்துக்கிட்டே இருந்தாக. “ஏத்தா முனீசு, கத்தாழைக்கெல்லாம் மொட்டை போட்டுட்ட, இது மட்டும் என்ன, மாப்பிள்ளை வீட்டுச் செடியா?” ன்னாக. படிச்ச பிள்ளை சொல்லிருக்கு மாமான்னேன். “குத்துனா படிச்ச பிள்ளைக்கா வலிக்கும்?” ன்னு கேட்டுட்டு அவுக பாட்டுக்கு மருந்து டேங்கைத் தூக்கிட்டுப் போயிட்டாக.

ஆனா ஒண்ணு சொல்லணும். மாமா மருந்தடிக்கிறதுக்கு முதல் நாளே கூப்பிட்டுச் சொல்லிருறாக. சாபிரா வந்து தேன்பெட்டி அஞ்சையும் ஈரச் சாக்கு போட்டு மூடிருவா. அவ கம்பத்துல இருந்து செவ்வாய், வெள்ளி வர்றா. பெட்டி அவளது, இடம் நம்மது, தேன்ல பாதி. இந்தத் தடவை துளசியும் தும்பையும் மண்டிக் கிடக்கு. தேனீ நல்லா வருது.

ஒனக்கு எண்ணிக் குடுக்கேன்னு நெனைக்காத தாயி. ஒங்க அண்ணன் தவறிப் போன பெறகு காலையில எந்திரிச்சு என்ன செய்யன்னு இருக்கும். இப்ப ஏழு மணிக்கு எனக்கு ஒரு வேலை இருக்கு. ஸ்டூலை எடுத்துட்டுப் போறப்ப ஒச்சாண்டி மாமா, “ஆபீசர் கிளம்பிட்டாக” ன்னு சொல்லுறாக. அது நீ குடுத்தது.

ஒடம்பைப் பாத்துக்க.

முனீஸ்வரி


கோயம்புத்தூர்
14 பிப்ரவரி 2024

மதினி,

தாள்கள் வந்தன. ஜனவரி முப்பத்தொரு நாளும் இருக்கிறது. பொங்கலன்றுகூட. கருவண்டுக்கு நீங்கள் போடும் கொட்டைப் புள்ளி எனக்குப் பிடித்திருக்கிறது.

ஒச்சாண்டி மாமாவிடம் சொல்லுங்கள். மாப்பிள்ளை வீட்டுச் செடிதான். மாப்பிள்ளைதான் இந்த நாட்டில் இல்லை.

யூக்காவுக்கென்று ஓர் அந்துப்பூச்சி உண்டு. வெள்ளை. விரல் நகத்தளவு. பொழுது சாய்ந்ததும் ஒரு செடியின் மகரந்தத்தை உருண்டையாகத் திரட்டி, கழுத்தடியில் இடுக்கிக்கொண்டு இன்னொரு செடிக்குப் பறக்கும். பூவின் நடுவில் சிறு குழி. அதற்குள் திணிக்கும். தேனீயைப் போலப் போகிற போக்கில் உடம்பில் ஒட்டிக்கொண்டு போவதில்லை. இதையே வேலையாகச் செய்கிறது. அதே பூவில் முட்டையும் வைக்கும். பிறக்கும் புழுக்கள் விதையில் கொஞ்சம் தின்னும். மிச்சம் செடிக்கு.

அமெரிக்காவில் இருக்கிறது அந்தப் பூச்சி. நம் நாட்டில் இல்லை. நம் செடி பூத்தால் தேனீ வரும், எறும்பு வரும், தேன்சிட்டு வரும். குழிக்குள் எதுவும் சேராது. அத்தனை பூவும் உதிர்ந்துவிடும்.

எனக்கு ஒரு காய் வேண்டும். ஆய்வுக்காக இல்லை, ஆய்வேட்டில் அதற்கு இடமே கிடையாது. சும்மா, வேண்டும்.

நாம் நட்ட நான்கும் ஒரே தாய்ச்செடியின் கன்றுகள். ஒன்றின் மகரந்தம் மற்றொன்றில் பிடிக்காது. எங்கள் வளாகத்தில் வேறு வகை வரிசை ஒன்று நிற்கிறது. அதிலிருந்து எடுத்துக் கடிதத்துக்குள் வைத்து அனுப்பலாம். திணிக்க ஆள் வேண்டும். கல்யாணத்துக்கு முன் வனிலாத் தோட்டத்தில் உங்களுக்கு அதுதான் வேலை என்று அண்ணன் ஒருமுறை சொன்னான். நீங்கள் சொல்லி நான் கேட்டதில்லை. எழுதுங்கள்.

முழங்கால் எப்படி இருக்கிறது? ஸ்டூலில் உட்கார்ந்து எழும்போது பிடிக்கிறதா?

அனுசுயா


சுருளிப்பட்டி
3.3.2024

அனுவுக்கு,

முழங்கால் என்கூடத்தான் இருக்கு. அதுவும் நானும் சமாளிச்சுக்கிறோம். நீ கண்ணு முழிச்சுப் படிச்சு ஒடம்பைக் கெடுத்துக்காத.

வனிலாவா? அதை யாரும் கேட்டதே இல்லை. ஒங்க அண்ணன்கூட ஒரு தடவை கேட்டுட்டுத் தூங்கிருச்சு.

எனக்கு அப்ப இருபது வயசு. விடியமுன்னாடி ஜீப்புல ஏறி மலைக்குப் போவோம், வண்டன்மேட்டுப் பக்கம். வனிலாப் பூ காலையில விரியும், மத்தியானம் வாடிரும். அதுக்குள்ள சேத்து விடணும். அதுக்கும் சொந்தப் பூச்சி இங்கன கிடையாதாம், எஸ்டேட்டுச் சேச்சி சொல்லுவாக. தென்னை ஈர்க்கைக் கூராச் சீவி வச்சுக்கிருவோம். பூவோட உதட்டை ஈர்க்கால கீறி, உள்ள ஒரு சின்னத் தோல் மறைச்சுக்கிட்டு இருக்கும், அதைத் தூக்கிட்டு, கட்டைவிரலை வச்சு ஒரு அமுக்கு. அம்புட்டுதான். ஒரு காலையில ஆயிரம் பூ சேப்பேன். மத்த பிள்ளைகளுக்கு அறுநூறு தாண்டாது. சேச்சி எல்லாருகிட்டயும், “முனீஸ்வரி தொட்டால் பிடிச்சு” ன்னு மலையாளத்துல சொல்லுவாக, நான் தொட்டாலே காய் பிடிச்சிருமாம். பெறகு வனிலா விலை போச்சு, கொடியைப் பிடுங்கிட்டு ஏலச்செடி வச்சாக. அந்த வேலையும் போச்சு. நான் நல்லாச் செஞ்ச வேலை அது ஒண்ணுதான் அனு.

அமெரிக்காப் பூச்சி வராட்டிப் போகுது. நான் பாக்குறேன். நீ அனுப்பு.

மூணாவது செடியில நடுக்குருத்து தடிச்சிருக்கு. தண்டாத்தான் இருக்கும். வெயில் ஏறிருச்சுன்னு தேனீக்குத் தண்ணி வைக்க சாபிரா மண்தட்டு வாங்கியாந்தா. கூழாங்கல்லைப் போட்டு அந்தச் செடி ஓரத்துல நெழல் பாத்து வச்சிருக்கோம். தெனம் சாயங்காலம் நான் குனிஞ்சு ஊத்துறேன்.

கேட்டதுக்குச் சந்தோசம்.

முனீஸ்வரி


கோயம்புத்தூர்
30 மார்ச் 2024

மதினி,

கைடு அவசரப்படுத்துகிறார் என்று ஃபோனில் சொன்னதும் தாள்களை அனுப்பிவிட்டீர்கள். நன்றி. கடிதம் இல்லை. தாள்கள் மட்டும்.

மார்ச் 9 முதல் 20 வரை பக்கம் வெறுமையாக இருக்கிறது. ஒரு கோடுகூட இல்லை. பன்னிரண்டு நாள். முருங்கை பூக்கும் வாரம் அது. இந்த வருடம் இனி அந்த வாரம் திரும்பாது. ஒரு நாள், இரண்டு நாள் என்றால் சொல்லிச் சமாளிக்கலாம். பன்னிரண்டு நாள் ஏன் இல்லை என்று கைடு கேட்டால் நான் என்ன எழுதுவது? முடியவில்லை என்றால் அன்றே சொல்லியிருக்கலாம். சாபிரா அக்காவையாவது எண்ணச் சொல்லியிருப்பேன்.

21க்குப் பிறகு எழுத்து பெரிதாகிவிட்டது. வரி கீழே சரிகிறது. கட்டத்துக்கு வெளியே புள்ளி விழுந்திருக்கிறது. கண்ணாடி போட வேண்டிய வயதுதான், ஒருமுறை பார்த்துக்கொள்ளுங்கள்.

எனக்கு உடம்புக்கு ஒன்றுமில்லை. தூக்கம் குறைவு.

அனுசுயா


சுருளிப்பட்டி
8.4.2024

அனு,

நீ தூங்கு தாயி மொதல்ல.

எனக்குக் கொஞ்சம் ஒடம்புக்கு முடியலை. இப்பத் தேவலை. அந்தப் பன்னெண்டு நாளு நான் எண்ணலை. எண்ணாததுக்கு நம்பர் போட மனசு வரலை. விட்டுட்டேன். ஒனக்குச் சங்கடம், தெரியுது. கைடுகிட்ட என்னையச் சொல்லு, எண்ணுற பொம்பளைக்கு முடியலைன்னு.

21ல இருந்து ஒரு நாளும் விடலை.

தண்டு என் தோளுக்கு வந்துருச்சு. மொட்டு கொத்துக் கொத்தா. பதினஞ்சு நாள்ல விரியும் போல. மறக்காம அனுப்பு.

முனீஸ்வரி


கோயம்புத்தூர்
17 ஏப்ரல் 2024

மதினி,

மன்னியுங்கள். மார்ச் மாதக் கடிதத்தின் நகல் என்னிடம் இல்லை. ஆனால் வரிகள் மனப்பாடமாக இருக்கின்றன. உங்களுக்கு என்ன என்று கேட்காமல் நோட்டுக்கு என்ன என்று கேட்டிருக்கிறேன். காய்ச்சலா? டாக்டரிடம் போனீர்களா? யார் கூட வந்தார்கள்?

உள்ளே வெள்ளைத்தாள் மடிப்பில் மகரந்தம். நடுவில் நாலு அரிசி, ஈரம் வராமல் இருக்க. பொடியாக இருக்காது, மஞ்சள் பிசுக்கு. தபால் இரண்டு நாளில் வந்துவிடும். பூ சாயங்காலம்தான் நன்றாக விரியும். நடுவில் மூன்று பிளவாக ஒரு தண்டு, அதன் உச்சியில் குழி. பிசுக்கை அதற்குள் ஆழமாகத் திணிக்க வேண்டும். மேலே தடவினால் போதாது. இதை உங்களுக்கு நான் சொல்வது அதிகம்.

எடுத்துக் கொடுத்தவர் எபனேசர் அண்ணன், எங்கள் வளாகத் தோட்டக்காரர். நான் போனபோது ஏணியில் நின்று யூக்கா இலை நுனிகளை ஒவ்வொன்றாகக் கத்தரித்துக்கொண்டிருந்தார். பதறிவிட்டேன். பூக்கிற செடியை ஏன் வெட்டுகிறீர்கள் என்றேன். அவர் இறங்கவே இல்லை. “பத்தொன்பது வருசமா நறுக்குறேன் பாப்பா, வருசா வருசம் பூக்குது. பிள்ளைக நடக்கிற பாதை. கண்ணுல பட்டா நீயா பதில் சொல்வே?” என்றார்.

அறைக்கு வந்து, முன்பு படித்த அந்தக் கட்டுரையை மறுபடியும் படித்தேன். இலையை அடியோடு வெட்டுவதைப் பற்றித்தான் அதில் இருக்கிறது. நுனியைப் பற்றி ஒரு வார்த்தை இல்லை. இரண்டையும் நான்தான் ஒன்றாக்கிக்கொண்டேன். நீங்கள் சரியாகக் கேட்டீர்கள். நான் தப்பாகச் சொன்னேன்.

இன்றைக்கே வெட்டிவிடுங்கள். ஒச்சாண்டி மாமாவிடம் நான் தோற்றதைச் சொல்லுங்கள், சிரிக்கட்டும்.

ஆய்வேட்டின் முதல் பக்கத்தில் நன்றி எழுதச் சொல்கிறார்கள். எல்லோரும் கைடில் தொடங்குகிறார்கள். நான் உங்களில் தொடங்குவேன். கல்லூரிக்கு விண்ணப்பம் வாங்க அண்ணனுக்குத் தெரியாமல் தேனிக்கு என்னைக் கூட்டிப்போனது நீங்கள்தானே.

அனுசுயா


சுருளிப்பட்டி
27.4.2024

அனுவுக்கு,

ஒடம்பு தேவலை. வெயில்தான் தாங்கலை. நீ மோர் வாங்கிக் குடி.

நுனி பூரா வெட்டியாச்சு. நீ எழுதுறதுக்கு முன்னாடியே. சாபிரா வெட்டினா. நீ வேணாம்னு சொல்லியும் வெட்டிட்டோமேன்னு எனக்கு ஒரு மாதிரி இருந்துச்சு, இப்ப நீயே சொல்லிட்ட. வெட்டுன நுனியைச் சருகுல போடலை, யாரு காலுலயாவது ஏறும்னு ஒரு டப்பாவுல போட்டு வச்சிருக்கேன்.

பூ விரிஞ்சிருச்சு. வெள்ளை வெள்ளையா மணி மாதிரி. ஒச்சாண்டி மாமா பேத்திக்கு ஒரு கொத்து கேட்டாக, மாட்டேன்னுட்டேன். “ஒரு பூவு குடுக்க மனசில்லாத சீமாட்டி” ன்னு வேலிக்கு அங்கிட்டு நின்னு சத்தம் போட்டாக. மறுநாள் அவுகளே தேனீக்கு ஆகாதுன்னு மருந்தைக் காலையில அடிக்காம சாயங்காலத்துக்கு மாத்திக்கிட்டாக. இதை நீ அந்த நன்றியில எழுது, அவுக பேரை.

உன் பிசுக்கு நல்லபடியா வந்து சேந்துச்சு. சாயங்காலம் ஈர்க்கைச் சீவிக்கிட்டுப் போனேன். அனு, கைக்கு வரலை. ஈர்க்கு பூவுக்கு முன்னாடியே நின்னுருது. இல்லாட்டித் தாண்டிப் போயிருது. மொத நாள் மூணு பூவைக் குத்திக் கெடுத்துட்டேன். ஆயிரம் பூ சேத்தவ. வீட்டுக்குள்ள வந்து கொஞ்ச நேரம் உக்காந்துட்டேன்.

மறுநாள் ஈர்க்கைத் தூரப் போட்டேன். இடது கையால பூவைப் பிடிச்சு, குழி எங்கன இருக்குன்னு விரலால தடவிப் பாத்து, மத்த விரல் நகத்துல பிசுக்கை எடுத்துத் திணிச்சேன். அது வந்துச்சு. பதினோரு பூ. ஒவ்வொண்ணுலயும் சேப்பு நூலு கட்டிருக்கேன்.

நீ இப்ப வராத. எழுதி முடிச்சுட்டு வா.

முனீஸ்வரி


கம்பம்
6.5.2024

தங்கச்சி அனுசுயாவுக்கு சாபிரா எழுதுறது. நீயும் உன் படிப்பும் நல்லா இருக்கணும். நான் கடிதம் எழுதி இருபது வருசம் ஆச்சு, பிழை இருந்தா பொறுத்துக்க. ஃபோன்ல சொல்ல எனக்கு வாய் வராது.

முனீசு அக்கா உனக்குச் சொல்லக் கூடாதுன்னு சொன்னாக. நான் இது வரைக்கும் கேட்டேன். இனிமே கேக்க மாட்டேன்.

மார்ச் எட்டாம் தேதி சாயங்காலம், நோன்பு தொடங்க நாலு நாள் இருக்கு. தேனீக்குத் தண்ணி ஊத்தக் குனிஞ்சிருக்காக. நிமிரும்போது அந்தச் செடி இலை இடது கண்ணுல ஏறிருச்சு. யாருகிட்டயும் சொல்லலை. தண்ணியை அடிச்சுக் கழுவிட்டு, மறுநாள் காலையில ஸ்டூலைத் தூக்கிட்டுப் போய் உக்காந்துருக்காக, எண்ண முடியலை. நான் செவ்வாய்க்கிழமை வந்து பாக்குறேன், கண்ணு கோழி முட்டை மாதிரி வீங்கி இருக்கு. அன்னைக்குத்தான் முதல் நோன்பு. அப்படியே பஸ் ஏத்தித் தேனிக்குக் கூட்டிட்டுப் போனேன். அங்க பாத்துட்டு மதுரைக்கு அனுப்பிட்டாக. அஞ்சு நாள் படுக்கையில இருந்தாக.

மதுரைக்குப் போற பஸ்ல பொழுது சாஞ்சிருச்சு. ஒரு கண்ணுல கட்டு, வலியில உதடு கடிச்சிருக்காக. ஆண்டிபட்டியில பஸ் நிக்கவும் இறங்கிப் போய் எனக்குப் பேரீச்சம்பழமும் தண்ணியும் வாங்கிட்டு வந்து, “நேரமாச்சு, நோன்பு திற” ன்னாக. நான் பழத்தைக் கையில வச்சுக்கிட்டு அழுதேன். அவுக அழுகலை.

இப்ப அந்தக் கண்ணுல வெளிச்சம் மட்டும்தான் தெரியுது. வேற தெரியலை. தண்ணிய டம்ளர்ல ஊத்தினா வெளிய ஊத்துறாக. படி இறங்க யோசிக்கிறாக.

நீ கோவத்துல எழுதுன கடிதத்தை நான்தான் வாசிச்சுக் காட்டுனேன். பன்னெண்டு நாள் ஏன் இல்லைன்னு நீ கேட்ட எடத்துல நான் நிறுத்திட்டேன். “வாசி, அவ கேக்குறது சரிதான்” ன்னாக.

நீ சொன்னதாலதான் நுனியை வெட்டலைன்னு எனக்கும் தெரியும். உன்னையக் குத்திக் காட்ட எழுதலை. பதினாறாம் தேதி மதுரைக்குத் திரும்ப வரச் சொல்லிருக்காக. அக்கா போக மாட்டேங்குறாக. சேப்பு நூல் கட்டுன பூவுல காய் நிக்குதான்னு பாக்கணுமாம். நான் சொன்னா எடுபடலை. நீ சொன்னாக் கேப்பாக. அது தெரிஞ்சுதான் எழுதுறேன்.

உன் அக்கா
சாபிரா


கோயம்புத்தூர்
9 மே 2024

மதினி,

சாபிரா அக்கா எழுதிவிட்டார். அவரிடம் கோபித்துக்கொள்ள வேண்டாம்.

நேற்றிலிருந்து எழுதிக் கிழிக்கிறேன். உங்கள் நலம் விசாரிக்கும் வரியிலேயே பேனா நின்றுவிடுகிறது.

கண்ணாடி போடுங்கள் என்று எழுதினேன்.

பதினாறாம் தேதி மதுரைக்குப் போங்கள். முதலில் அது. நான் நேராக ஆஸ்பத்திரிக்கு வந்துவிடுகிறேன். ஆய்வேட்டை ஒத்திப்போடலாம், கேட்டுவிட்டேன். ஆறு மாதம் தருவார்கள். அந்த நான்கு செடியையும் பிடுங்கிவிடலாம். ஒச்சாண்டி மாமாவுக்கு ஃபோன் செய்து ஆள் பார்க்கச் சொல்லியிருக்கிறேன். காய் எனக்கு வேண்டாம்.

அனுசுயா


சுருளிப்பட்டி
18.5.2024

அனுவுக்கு,

மதுரைக்குப் போயிட்டு வந்தாச்சு. புண்ணு ஆறிருச்சாம். வலது கண்ணு நல்லா இருக்காம். இடதுல இதுக்கு மேல வராதாம். சொல்லிட்டாக, கேட்டுக்கிட்டேன். நீ வராம இருந்தது நல்லது. வரக் கூடாதுன்னு நான் ஃபோன்ல போட்ட சத்தம் ஹாஸ்டல் பூராக் கேட்டிருக்கும்.

இப்ப நான் சொல்லுறதைக் கேளு.

ஒச்சாண்டி மாமா கடப்பாரையோட ரெண்டு ஆளைக் கூட்டிட்டு வந்து நிக்கிறாக. “உன் நாத்தி பிடுங்கச் சொல்லுச்சு” ன்னாக. இடம் யாரு பேருல இருக்கு மாமான்னு கேட்டேன். ஆளுகளைக் கூட்டிட்டுத் திரும்பிட்டாக. பிடுங்கச் சொல்ல நீ யாரு தாயி? நீ குடுத்துட்ட. ஒங்க அண்ணனோட பதினாறாம் நாள் காரியம் முடிஞ்சு அத்தனை பேரும் உக்காந்து, இவளை எங்க அனுப்புறதுன்னு பேசிக்கிட்டு இருந்தப்ப, நீ ஒருத்திதான் எந்திரிச்சு, “என் பங்கை மதினி பேருக்கு எழுதுங்க, அவங்க இங்கயே இருக்கட்டும்” ன்ன. ஒனக்கு இருபத்திரெண்டு வயசு. அடுப்படியில நின்னு கேட்டுக்கிட்டு இருந்தேன். அதுக்கு நான் ஒனக்கு ஒரு வார்த்தை சொன்னதில்லை. எப்படிச் சொல்லுறதுன்னு தெரியலை. காலையில எண்ணுறதை அதுக்காகத்தான் ஆரம்பிச்சேன். பெறகு எனக்கே பிடிச்சிருச்சு.

அதனாலதான் சொல்லலை. நீ படிப்பை விட்டுட்டு ஓடியாந்துருவ. எழுதிருக்கியே, ஆறு மாசம் ஒத்திப்போடுறேன்னு.

நீ சொன்னது தப்பு. தப்புத்தான். இல்லைன்னு நான் சொல்ல மாட்டேன். ஆஸ்பத்திரியில இருந்து வந்த அன்னைக்கு எனக்குக் கோவம். உன் மேலயும்தான். அரிவாளை எடுத்துக்கிட்டுப் போனேன். போய்ப் பாத்தா நடுக்குருத்துல இருந்து தண்டு ஒரு சாண் வெளிய வந்து நிக்குது. நான் படுத்துக் கிடந்த அந்த நாள்ல வந்திருக்கு. அதை வெட்ட கை வரலை. சாபிராவைக் கூப்பிட்டு நுனியை மட்டும் வெட்டச் சொன்னேன். கோவம் அத்தோட போச்சு. பாதி போச்சு. மீதி நீ வந்தா ஒரு திட்டு திட்டித் தீத்துக்கிறேன்.

இன்னொண்ணு. ஒத்தக் கண்ணுல எண்ணுறது சரியா இருக்குமான்னு எனக்கே சந்தேகம். 21ல இருந்து மூணு நாள் சாபிராவைப் பக்கத்துல உக்கார வச்சு ரெண்டு பேரும் பேசாம தனித்தனியா எண்ணிப் பாத்தோம். மொத நாள் அவளுக்கு ரெண்டு கூட. மறுநாள் எனக்கு ஒண்ணு கூட. மூணாம் நாள் ரெண்டு பேருக்கும் ஒரே நம்பர். அந்தத் தாளும் இதுல இருக்கு. ஒன் கைடுகிட்டக் காட்டு.

சேப்பு நூல் கட்டுன பதினொண்ணுல பத்து உதிந்துருச்சு. ஒண்ணு நிக்குது. பச்சையா, சின்ன விரல் பருமன்ல. தெனம் தொட்டுப் பாக்குறேன். கெட்டியா இருக்கு. அந்தச் சேச்சி இருந்தா பாத்திருப்பாக.

ஆய்வேட்டைக் குடுத்துட்டு வா. அதுக்கு முன்னாடி வந்தா வீட்டுக்குள்ள விட மாட்டேன்.

முனீஸ்வரி


கோயம்புத்தூர்
3 ஜூன் 2024

மதினி,

ஒத்திப்போடவில்லை. இன்று கொடுத்துவிட்டேன். இருநூற்றுப் பதினான்கு பக்கம். சாப்பிட்டேன், தூங்கினேன், உடம்பு நன்றாக இருக்கிறது. உங்கள் வலது கண்ணை வெயிலில் விடாதீர்கள்.

நாற்பத்தொன்றாம் பக்கத்தில் இப்படி எழுதியிருக்கிறேன். “மார்ச் 9 முதல் 20 வரை பதிவு இல்லை. தோட்டத்தில் இருந்த யூக்காவின் இலைநுனி பதிவாளரின் இடது கண்ணைக் காயப்படுத்தியது. நுனிகளை வெட்ட வேண்டாம் என்பது ஆய்வாளர் தந்த தவறான அறிவுரை. மார்ச் 21 முதல் பதிவாளர் ஒரு கண்ணால் எண்ணினார். அவருடைய எண்ணிக்கை மற்றொருவருடையதோடு மூன்று நாட்கள் ஒப்பிட்டுச் சரிபார்க்கப்பட்டது.” கீழே உங்கள் இருவரின் தாள், அப்படியே.

கைடு முதலில் ஓரத்தில் “தேவையில்லை” என்று பென்சிலால் எழுதினார். நான் பென்சில் எழுத்தை அழித்துவிட்டு அதே பக்கத்தை மறுபடி வைத்தேன். மூன்றாவது முறை கையெழுத்துப் போட்டார். சாபிரா அக்காவும் நீங்களும் பேசாமல் பக்கத்தில் உட்கார்ந்து எண்ணிய விவரத்தை வகுப்பில் சொல்லப்போவதாகப் போகும்போது சொன்னார்.

நன்றிப் பக்கத்தில் ஒச்சாண்டி மாமா பெயர் இருக்கிறது. எபனேசர் அண்ணன் பெயரும், சாபிரா அக்கா பெயரும். உங்களுக்கு முதல் வரி. “முனீஸ்வரிக்கு, எண்ணியதற்கும், எண்ணாத நாட்களுக்குப் பொய் எழுதாததற்கும்.” வேறு எழுதத் தெரியவில்லை.

அன்று அடுப்படியில் நீங்கள் நின்றது எனக்குத் தெரியாது. நீங்கள் போய்விட்டால் எனக்கு ஊரில் யாருமில்லை என்று பயந்துதான் அப்படிப் பேசினேன். கொடுத்தேன் என்று நீங்கள் நினைக்கிறீர்கள். எனக்கு ஒரு வீடு வேண்டியிருந்தது.

திட்டுங்கள். மீதியையும் வைத்துக்கொள்ள வேண்டாம்.

அனுசுயா

பி.கு. 4 ஜூன், பஸ்ஸில். நேற்றுத் தபால்பெட்டி வரை போனேன். போடவில்லை. புது இலைகளுக்கு நுனி வந்திருக்கும். எபனேசர் அண்ணனிடம் கத்தரியைக் கடன் வாங்கி, துணியில் சுற்றி, கடிதத்தோடு பையில் வைத்துக்கொண்டு காலை ஐந்தரை மணிக் கம்பம் பஸ்ஸில் ஏறினேன்.